உப்புக்கு ஏங்கிய குழந்தையும் ஒரு துளி இரத்தமும்

1865-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ் நகரில் காலமான நடுவயது மனிதர் ஒருவரின் பிரேதம், லூயிஜி தெ கிரெக்கியோ என்ற உடற்கூற்று நிபுணரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. பிறந்த நாளில் பெண் குழந்தை என்று ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதப்பட்டு, நான்காம் வயதில் ஒரு ரணசிகிச்சை வைத்தியரால் ஆண் என்று திருத்தப்பட்டு, அதன்பின் ஊரும் உறவும் ஐயமின்றி ஏற்க ஆணாகவே வாழ்ந்து மறைந்தவர் அவர். சரீரத்தின் புறத்தோற்றம் அந்த வாழ்க்கைக்கு இசைவாகவே இருந்தது. ஆனால் வயிற்றைத் திறந்து பார்த்த தெ கிரெக்கியோ, விதைகள் எங்கும் காணப்படாமல், கருப்பையும் சினைப்பைகளும் முழு உருவில் அமைந்திருப்பதைக் கண்டு வியந்தார். சிறுநீரகங்களின் தலையில் சிறு தொப்பிபோல் அமர்ந்திருக்க வேண்டிய அட்ரீனல் சுரப்பிகள் ஏறக்குறைய சிறுநீரகங்களின் அளவுக்கே பருத்திருந்தன என்பதையும் அவர் குறித்து வைத்தார். அதோடு நில்லாமல், இறந்தவரை அறிந்தவர்களைத் தேடி விசாரித்து, அவருடைய பழக்கவழக்கங்களையும் இறுதி நோயையும் எழுதி வைத்தார். வாந்தியும் பேதியும் மேலிட்டு, நாளுக்கு நாள் சோர்ந்து, எந்த வைத்தியத்துக்கும் கட்டுப்படாமல் உயிர் பிரிந்தது என்பதே அந்த விசாரணையில் கிடைத்த செய்தி.

பருத்த சுரப்பி, மாறிய உருவம், வாந்தியும் பேதியுமாக வந்த மரணம் ஆகிய இம்மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று காரியங்கள் என்று அன்று சொல்லக்கூடியவர் ஐரோப்பாவில் எவரும் இல்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான், 1855-இல், லண்டன் வைத்தியர் தாமஸ் அடிசன், அட்ரீனல் சுரப்பிகள் சிதைந்தவர்கள் மெலிந்து மயங்கி மாண்டுபோவதை விவரித்து, அந்தச் சிறு சுரப்பிகள் உயிருக்கு இன்றியமையாதவை என்ற எண்ணத்துக்கு வித்திட்டிருந்தார். சுரப்பி சிதைந்தாலும் சாவு, பருத்தாலும் சாவு என்பது எப்படிப் பொருந்தும்? இந்தப் புதிருக்கு விடை காண ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. விடையைக் கண்டுபிடித்தவர்கள் சரீரத்தின் அமைப்பைவிட அதில் ஓடும் திரவங்களை, முதலில் சிறுநீரையும் பின்னர் இரத்தத்தையும், கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்ட ரஸாயன நிபுணர்கள்.

இன்று நாம் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குத் திரும்புவோம். அட்ரீனல் சுரப்பியின் புறணி, கொலஸ்டிராலை மூலப்பொருளாகக் கொண்டு, படிப்படியான மாற்றங்களின் வழியே மூவகை ஹார்மோன்களை உண்டாக்குகிறது: உடல் நலிவையும் அதிர்ச்சியையும் தாங்கச் செய்யும் கார்ட்டிசால், உப்பை உடலில் நிறுத்தி வைக்கும் ஆல்டோஸ்டெரோன், ஆண்மைக் குறிகளைத் தோற்றுவிக்கும் ஆண்ட்ரோஜன்கள். இந்த மாற்றங்களுள் ஒன்றைச் செய்யும் 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைந்திருந்தால், கார்ட்டிசாலும் ஆல்டோஸ்டெரோனும் உண்டாவது தடைப்படுகிறது. கார்ட்டிசால் போதவில்லை என்று உணர்ந்த பிட்யூட்டரி என்ற மற்றொரு சுரப்பி, அட்ரீனலை இடைவிடாது தூண்டுகிறது. தூண்டப்பட்ட சுரப்பி பருக்கிறது. ஆயினும் வழி அடைபட்டிருப்பதால், தேங்கி நிற்கும் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டரோன் என்ற இடைப்பொருள் ஆண்ட்ரோஜன் பக்கமாகத் திரும்பிவிடுகிறது. தாயின் கருவிலேயே இது நிகழ்வதால், சினைப்பையும் கருப்பையும் உடைய பெண் சிசு, ஆணோ பெண்ணோ என்று ஐயுறத்தக்க புற உறுப்புகளோடு பிறக்கிறது. ஆண் சிசுவோ பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கிறது. பின்னர், கடுமையான வகை நோயுடைய குழந்தைகள், ஆணாயினும் பெண்ணாயினும், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் உடலின் உப்பையெல்லாம் சிறுநீரில் இழந்து, வாந்தியெடுத்து வற்றிப்போகின்றன. நேப்பிள்ஸ் மனிதரின் கதையில் இருந்த மூன்று முடிச்சுகளும் ஒரே நொதியின் குறைவில் அவிழ்கின்றன.

சுரப்பிகளிலிருந்து இரத்தத்தின் வழியே ஏதோ ஒன்று சென்று தூரத்து உறுப்புகளை ஆள்கிறது என்ற கருத்துக்கு ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துச் சேவல்கள் சாட்சி சொல்லின. 1849-இல் அர்னால்ட் பெர்த்தோல்ட் என்ற பேராசிரியர், விதை நீக்கப்பட்ட இளஞ்சேவல்கள் கொண்டை சுருங்கி, கூவும் குரலும் சண்டைக் குணமும் இழந்துவிடுவதையும், நீக்கிய விதையை வயிற்றினுள் வைத்துவிட்டால் நரம்புத் தொடர்பு ஏதும் இல்லாமலே அவை மீண்டும் கொண்டை சிவந்து கூவுவதையும் காட்டினார். பின்னாளில் ஆண்ட்ரோஜனை அளப்பதற்கு இருந்த முதல் அளவுகோலும் அந்தக் கொண்டையே: காயடித்த சேவலுக்கு ஒரு சாற்றைச் செலுத்தி, கொண்டை எவ்வளவு வளர்கிறது என்று அளந்து, அச்சாற்றின் வலிமையை மதிப்பிட்டார்கள். 1931-இல் அடால்ஃப் பூட்டெனாண்ட், பெர்லின் போலீஸ்காரர்களிடமிருந்து சேகரித்த பல்லாயிரம் லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி வடித்துப் பதினைந்து மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டெரோனைப் பிரித்தெடுத்தார். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழுவினர், நூறு கிலோ காளை விதைகளிலிருந்து பத்து மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோனைக் கண்டெடுத்தார்கள். இத்தனை பெரிய மூலத்திலிருந்து இத்தனை சிறிய பொருளா என்று வாசகர் மலைக்கலாம். ஆனால் ஒரு சிசுவின் உடலில் ஓடும் ஹார்மோனை அளப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை இந்தக் கணக்கைப்போல் வேறெதுவும் உணர்த்தாது.

அதே 1935-இல் வில்ஹெல்ம் சிம்மர்மான் என்ற ஜெர்மானியர் கண்ட ஒரு நிறமாற்றம், சேவலின் வேலையைக் கண்ணாடிக் குழாய்க்கு மாற்றியது. 17-கீட்டோஸ்டீராய்டுகள் என்ற வகுப்பைச் சேர்ந்த பொருள்கள் சிறுநீரில் இருக்குமாயின், காரம் சேர்த்த டைநைட்ரோபென்சீனோடு கலக்கும்போது செவ்வூதா நிறம் தோன்றும். நிறத்தின் ஆழம் பொருளின் அளவைக் காட்டும். ஆண்ட்ரோஜன்களின் கழிவுகள் பெரும்பாலும் அந்த வகுப்பைச் சேர்ந்தவையாதலால், அட்ரீனல் பெருக்கமுள்ள குழந்தையின் சிறுநீர் இச்சோதனையில் தன்னைக் காட்டிக்கொடுத்தது. 1937-இல் பட்லர், மேரியன் என்னும் இருவர், அட்ரீனல் கோளாறால் ஆண்தன்மை அடைந்த பெண்களின் சிறுநீரில் பிரெக்னேன்ட்ரியால் என்ற பொருள் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். தேங்கிய 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டரோனின் கழிவே அது என்பது பின்னரே விளங்கியது. இச்சோதனைகள் உபகாரமானவை, ஆனால் ஒரு முழு நாளின் சிறுநீரையும் ஒரு சொட்டு சிந்தாமல் சேகரிக்க வேண்டியிருந்தது. பச்சிளங்குழந்தையிடம் அதைச் செய்வது எத்தகைய பிரயத்தனம் என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். மேலும் பிறந்த சில வாரங்களுக்கு, ஆரோக்கியமான சிசுவின் சிறுநீரிலும் இந்த ஸ்டீராய்டுகள் மிகுந்தே காணப்படுமாதலால், விடை எந்த வாரத்தில் மிக அவசியமோ அந்த வாரத்திலேயே சோதனை தடுமாறியது.

தடுமாற்றத்தின் விலை என்ன என்பதை, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த லாசன் வில்கின்ஸும் கர்ட் ரிக்டரும் 1940-இல் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை சொல்கிறது. மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன், வயதுக்கு மீறிய பருவ வளர்ச்சி காணப்பட்டதால், ஆராய்ந்து பார்ப்பதற்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான். அங்கே மற்றக் குழந்தைகளுக்குக் கொடுத்த சாதாரண உணவையே அவனுக்கும் கொடுத்தார்கள். ஏழு நாளில் அவன் இறந்துபோனான். பிரேத பரிசோதனையில் அட்ரீனல் சுரப்பிகளின் கோளாறு தெரிந்தது. பின்னர் பெற்றோரிடம் கேட்டு எழுதிய செய்திதான் படிப்பவர் நெஞ்சை உருக்குவது. ஒரு வயதளவிலேயே அந்தக் குழந்தை ரொட்டி பிஸ்கோத்துகளின் மேலிருந்த உப்பை நக்கிவிட்டு, எஞ்சியதை எறிந்துவிடுவானாம், உப்புக் கிண்ணத்தைக் கண்டுவிட்டால் அதைக் கைப்பற்றும்வரை அடம்பிடித்து அழுவானாம், இனிப்பை விரும்பியதில்லையாம், முதன்முதலாகப் பேசக் கற்ற சொற்களில் உப்பு என்பதும் ஒன்றாம். மருத்துவம் அறியாத உண்மையை அவனுடைய நாக்கு அறிந்திருந்தது. சரீரம் இழந்துகொண்டிருந்த பொருளைத் தானே தேடித் தின்று, மூன்றரை ஆண்டுகள் தன் உயிரைத் தானே காத்துக்கொண்டிருந்தான் அவன். அட்ரீனல் நீக்கப்பட்ட எலிகளுக்குத் தண்ணீரும் உப்பு நீரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அவை உப்பு நீரையே மிகுதியாகக் குடித்து உயிர் பிழைக்கின்றன என்று ரிக்டர் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தார். எலியிடம் கண்ட உண்மை குழந்தையிடம் தெரியவரும்முன் குழந்தை போய்விட்டது.

வில்கின்ஸ் அதற்குப் பின் எழுதியும் செய்தும் வந்தவற்றைப் பார்க்கும்போது, இந்தச் சிறுவன் அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1948-49-இல் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச்சும் எட்வர்ட் கெண்டலும் கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்து உலகை வியக்கவைத்த செய்தி வந்ததும், அட்ரீனல் பெருக்கத்துக்கும் இதுவே மருந்தாகலாம் என்று வில்கின்ஸ் ஊகித்தார். 1950-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பால்டிமோரில் அவரும், ஏறக்குறைய அதே சமயத்தில் பாஸ்டனில் ஃபிரெடெரிக் பார்ட்டரும் உடனுழைத்தோரும், அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் சிறுநீரில் மலைபோல் உயர்ந்திருந்த கீட்டோஸ்டீராய்டுகள் சில நாட்களில் சரிந்து இறங்கின. பருத்து உழைத்துக்கொண்டிருந்த சுரப்பி, தனக்கு வேண்டிய ஹார்மோன் வெளியிலிருந்து வந்துவிட்டதும், தூண்டுதல் அடங்கி ஓய்ந்தது. மார்பகம் வளராமலும் மாதவிடாய் வராமலும் இருந்த இளம்பெண்களுக்கு, தொடர்ந்த சிகிச்சையில் இரண்டும் வந்தன. அன்றுமுதல் சோதனைச்சாலையின் எண் நோயின் பெயரைச் சொல்வதோடு நின்றுவிடாமல், மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதையும் சொல்லத் தொடங்கிற்று. பிலடெல்ஃபியாவில் ஆல்ஃபிரட் பாஞ்சியோவன்னியும் பிறரும் அடுத்த சில ஆண்டுகளில், எந்தப் படியில் எந்த நொதி குறைகிறது என்பதைப் பிரித்து அறிந்தார்கள்.

நோய் தெரிந்தது, மருந்தும் கிடைத்தது, சில சொட்டு இரத்தத்தில் விடை காணும் வித்தை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதைத் தந்தவர்கள் அட்ரீனலையோ பாலுறுப்புகளையோ எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர்; நீரிழிவை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள். நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில், துப்புரவுப் பணியாளரின் சாமான் அறையாக இருந்ததை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு வேலை தொடங்கியவர் ரோசலின் யாலோ என்ற பௌதிக நிபுணர். அவரோடு சேர்ந்தவர் சாலமன் பெர்சன் என்ற வைத்தியர். இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது என்று இவர்கள் கண்டதை முதலில் விஞ்ஞானப் பத்திரிகைகள் ஏற்க மறுத்தன. அவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்புப் பொருள் தோன்றாது என்பதே அன்றைய நம்பிக்கை. 1956-இல், தலைப்பில் அந்தச் சொல்லை விட்டுவிட இசைந்த பிறகே, அவர்கள் கட்டுரை அச்சேறியது. அந்த எதிர்ப்புப் பொருளையே அளவுகோலாக்கலாம் என்ற எண்ணத்தின் கனியாக, 1959-60-இல் ரேடியோ இம்யூனோ அசே என்னும் முறை பிறந்தது.

அதன் தத்துவம் எளியது. கல்யாணப் பந்தியில் நூறு இலை மட்டுமே போட்டிருக்கிறது என்றும், சிவப்புத் துண்டு அணிந்த விருந்தினர் நூறு பேரை நாமே அனுப்பியிருக்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். துண்டு இல்லாதவர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை வாசலில் நின்று எண்ணாமலே, இலையில் அமர்ந்தவர்களில் சிவப்புத் துண்டுகள் எவ்வளவு குறைந்தன என்று பார்த்துக் கணக்கிட்டுவிடலாம். இலை என்பது எதிர்ப்புப் பொருள். சிவப்புத் துண்டு, கதிரியக்கம் ஊட்டப்பட்ட ஹார்மோன். துண்டில்லாத விருந்தினர், நோயாளியின் இரத்தத்திலுள்ள ஹார்மோன். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோகிராமையும், அதனினும் நுண்ணியதையும் இம்முறை எட்டியது. யாலோவும் பெர்சனும் இதற்குக் காப்புரிமை கோரவில்லை. எவர் வேண்டுமானாலும் கற்றுச் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். பெர்சன் 1972-இல் மறைந்தார்; 1977-இல் யாலோ நோபெல் பரிசு பெற்றார். பிற்காலத்தில் ஹார்மோன் சோதனையால் உயிர் பிழைத்த குழந்தைகள் அத்தனை பேருக்கும் இவர்களுடைய அந்தக் கொடையில் பங்குண்டு என்று நான் துணிந்து சொல்வேன்.

ஆயினும் இன்சுலின் புரதம். ஸ்டீராய்டு ஹார்மோன்களோ மிகச் சிறியவை. தனியே செலுத்தினால் எந்தப் பிராணியின் உடலும் அவற்றுக்கு எதிர்ப்புப் பொருள் ஆக்காது. 1957-ஆம் ஆண்டிலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எர்லாங்கரும் லீபர்மானும் உடனிருந்தோரும், ஸ்டீராய்டை மாட்டின் இரத்தப் புரதத்தோடு பிணைத்துச் செலுத்தி, அத்தடையைக் கடக்கும் வழியைக் காட்டியிருந்தார்கள். அவ்வழியே 1970-களில் டெஸ்டோஸ்டெரோனும் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டரோனும் இரத்தத்தில் அளக்கப்படலாயின. வேறுபாடு கண்கூடானது. ஆரோக்கியமான சிசுவின் இரத்தத்தில், பிறந்து சில நாள் கழிந்தபின், ஒரு டெசிலிட்டருக்குச் சில நூறு நானோகிராமுக்குள் அடங்கும் அந்த இடைப்பொருள், கடும் வகை நோயில் பத்தாயிரத்தையும் தாண்டி நின்றது. நாள் முழுதும் சிறுநீர் சேர்க்கும் தவம் முடிவுக்கு வந்தது.

அடுத்த அடியை வைத்தவர் சாங்ஜா பாங். நியூயார்க்கில் மரியா நியூவின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இவர், 1977-இல், சிசுவின் குதிகாலில் குத்தியெடுத்த துளி இரத்தத்தை வடிதாளில் உறையவைத்து, அந்த உலர்ந்த புள்ளியிலிருந்தே 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டரோனை அளந்து காட்டினார். பீனைல்கீட்டோனூரியா என்ற வேறொரு பிறவி நோய்க்காக ராபர்ட் கத்ரி என்ற வைத்தியர் 1960-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த வடிதாள் அட்டையே இதற்கும் உதவியது. தபாலில் அனுப்பத்தக்க இரத்தம் என்றால் அது மிகையாகாது. முறையைப் பரீட்சித்த இடம் அலாஸ்கா. அங்கே வாழும் யூப்பிக் மக்களிடையே உப்பிழக்கும் வகை நோய் மிகுந்திருப்பதை 1969-இலேயே வைத்தியர்கள் எழுதியிருந்தார்கள். உலகத்தில் பொதுவாகப் பதினைந்தாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படும் நோய், அவர்களிடையே ஏறக்குறைய முந்நூறுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தது. பனிப்பாலையில் சிதறிக் கிடந்த ஊர்களில், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் சிசு இறந்துவிடக்கூடிய தேசத்தில், அட்டையில் உறைந்த துளி குழந்தைக்கு முன்னே பயணம் செய்தது.

இந்தப் பொதுச் சோதனை ஒரு துயரமான கணக்கையும் வெளிப்படுத்தியது. நோய் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே வரவேண்டும். ஆனால் அதற்கு முந்திய ஏடுகளில் பெண் குழந்தைகளே மிகுதியாகவும் ஆண் குழந்தைகள் குறைவாகவும் பதிவாகியிருந்தார்கள். எல்லாச் சிசுக்களையும் சோதித்தபோது இரு பாலாரும் சமமாகவே வந்தார்கள். பெண் சிசுவின் உருவத்தைக் கண்டு ஐயுற்றவர்கள் அவளை வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். ஐயத்துக்கு இடமின்றிப் பிறந்த ஆண் சிசு, வயிற்றுப்போக்கென்றும் தொற்றென்றும் தவறாக எண்ணப்பட்டு, பெயர் தெரியாத நோயால் மண்ணுக்குள் போனான்.

அட்ரீனலைப்பற்றியே இவ்வளவு சொல்லக் காரணம், இந்த வரலாற்றில் உயிரும் சாவும் அங்கேதான் எதிரெதிர் நிற்கின்றன என்பதே. மற்றக் கோளாறுகளை அறிவதற்கும் இரத்தச் சோதனை வழி திறந்தது. அவற்றை விரைந்து சொல்லிச் செல்கிறேன். 1973-இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் மாக்லோன் ஃபோரெஸ்ட்டும் உடனுழைத்தோரும், ஆண் சிசுவின் டெஸ்டோஸ்டெரோன் பிறந்த சில நாளில் தாழ்ந்து, முதல் மாதத்திலிருந்து மூன்றாம் மாதம்வரை மறுபடி உயர்ந்து, அரையாண்டுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டார்கள். அதனால் எந்த வாரத்தில் இரத்தம் எடுத்தோம் என்பது, எந்த எண் வந்தது என்பதற்குச் சமமான முக்கியத்துவம் பெற்றது. அந்தக் காலம் கடந்த குழந்தைகளுக்கு எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை ஊசியில் செலுத்தி, விதைகள் பதில் சொல்கின்றனவா என்று பார்த்தார்கள். 1974-இல் ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லி, டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் கிராமத்தில், பெண்களாக வளர்க்கப்பட்டுப் பருவம் எய்தும்போது ஆண்களாக மாறிய பிள்ளைகளைப்பற்றி எழுதினார். அவர்கள் இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் நிறைந்தும், அதிலிருந்து உண்டாகவேண்டிய டைஹைட்ரோ டெஸ்டோஸ்டெரோன் குறைந்தும் இருந்தது; இவ்விரண்டின் விகிதமே நோயின் அடையாளம். பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் 1947-இல் முயல் கருக்களை வைத்து ஊகித்த, கருப்பை உருவாவதைத் தடுக்கும் விதைச் சுரப்பு, 1990-இல் இரத்தத்தில் அளக்கக்கூடியதாயிற்று. மறைந்திருக்கும் விதையைக் கத்தியில்லாமல் தேட அது உதவியது.

ஆனால் எண்ணின் எல்லையைக் காட்டிய நோய் ஒன்று உண்டு. அதைக் கடந்துபோக மனம் வரவில்லை. 1953-இல் யேல் பல்கலைக்கழகத்து ஜான் மாரிஸ், மாதவிடாய் மட்டும் வராத, மற்றெல்லா வகையிலும் பெண்களாகவே தோன்றிய, ஆனால் வயிற்றினுள் விதைகளை உடைய 82 பேரின் வரலாற்றைத் தொகுத்தார். பின்னாளில் இத்தகையோரின் இரத்தத்தை அளந்தபோது டெஸ்டோஸ்டெரோன் ஆண்களுக்குரிய அளவிலோ அதற்கு மேலோ இருந்தது. குறை சுரப்பியில் இல்லை. ஹார்மோன் சொல்லும் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி உடலின் அணுக்களில் பழுதுபட்டிருந்தது. அவர்களுடைய வாழ்க்கை, உருவம், தம்மைப்பற்றி அவர்கள் கொண்ட உணர்வு யாவும் பெண்மையுடையவை. சோதனைச்சாலைத் தாளோ ஆண் என்றது. இரத்தச் சோதனை உடலின் ரஸாயனத்தைக் கேட்டால் உண்மை சொல்லும்; இவர் யார் என்று கேட்டால், அக்கேள்வியே அதற்கு விளங்காது.

இந்த எல்லையை வைத்தியம் நெடுங்காலம் மதிக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகும். வில்கின்ஸ் பணியாற்றிய அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில், 1955 முதல் ஜான் மணியும் அவரோடு சேர்ந்தவர்களும், குழந்தையின் பாலை மிக இளமையிலேயே முடிவுசெய்து, உருவத்தை அதற்கேற்ப ரணசிகிச்சையால் திருத்திவிட்டால் மனமும் அதன்வழி அமையும் என்று போதித்தார்கள். உலகெங்கும் அது நடைமுறையாயிற்று. குழந்தையின் உயிரைக் காக்கும் அவசரத்தோடு, உருவத்தைத் திருத்தும் அவசரமும் ஒன்றெனச் சேர்த்து எண்ணப்பட்டது. முன்னது மெய்யான அவசரம். உப்பிழக்கும் சிசுவுக்கு ஒரு நாள் தாமதமும் அபாயம். பின்னதில் அவசரம் பெற்றோரின் கலக்கத்துக்கும் ஊரார் வாய்க்கும் உரியது, குழந்தைக்கு உரியதன்று. அப்படித் திருத்தப்பட்டவர்கள் வளர்ந்து, உணர்ச்சி இழந்த தழும்புகளோடும் தம்மிடம் மறைக்கப்பட்ட ஏடுகளோடும் முன்வந்து 1990-களில் பேசத் தொடங்கினார்கள். 2005-இல் சிகாகோவில் கூடி, 2006-இல் தம் முடிவுகளை வெளியிட்ட நிபுணர் மாநாடு, பழைய சொற்களைக் கைவிட்டு, ரணசிகிச்சையில் நிதானம் வேண்டும் என்றும், குடும்பத்தாரிடமும் நோயாளியிடமும் எதையும் ஒளிக்கலாகாது என்றும் சொன்னது அவர்கள் பேசியதன் பலனே.

தமிழ்நாடு இந்த இடத்தில் வரலாற்றுக்குள் வருகிறது. பெருமையோடு சொல்லத்தக்க முறையில் வருகிறது. 2019 ஏப்ரலில், ஒரு திருமணப் பதிவு வழக்கில் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஆணோ பெண்ணோ என்று ஐயுறத்தக்க உறுப்புகளோடு பிறக்கும் இடைப்பால் குழந்தைகளின் உருவத்தை ஆணாகவோ பெண்ணாகவோ திருத்தும் ரணசிகிச்சையைத் தடைசெய்யும்படி அரசுக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசும், உயிருக்கு அபாயமான நிலை நீங்கலாக, அத்தகைய சிகிச்சைகளைத் தடைசெய்து உத்தரவு பிறப்பித்தது. உயிருக்கு அபாயம் எது, அபாயமல்லாதது எது என்று பிரித்தறியும் பொறுப்பு இப்போது முன்னிலும் அதிகமாக வைத்தியர்களுடையதாயிற்று. அந்தப் பகுத்தறிவுக்கு வேண்டிய முதற்கருவி, இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டரோன் ஆகியவற்றை அளக்கும் சோதனையே. நோய் என்று தெரிந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனும் ஃபுளூட்ரோகார்ட்டிசோனும் உப்பும் கொடுத்துக் குழந்தையைக் காப்பாற்றலாம். உருவத்தைப்பற்றிய எந்த முடிவும் அக்குழந்தை வளர்ந்து வாய் திறந்து பேசும் காலம்வரை காத்திருக்கலாம்.

சோதனை பிழையற்றது என்று எண்ணிவிடலாகாது. பிறந்த முதல் ஒன்றிரண்டு நாளில் எல்லாச் சிசுக்களுக்கும் 17-ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டரோனின் எண் உயர்ந்தே இருக்கும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு வாரக்கணக்கில் உயர்ந்திருக்கும். எதிர்ப்புப் பொருள்கள், கருவின் அட்ரீனலிலிருந்து வரும் வேறு ஸ்டீராய்டுகளையும் தவறாகப் பற்றிக்கொண்டு எண்ணைப் பெருக்கிக் காட்டும். கதிரியக்கப் பொருளை விட்டு நொதியாலும் ஒளிரும் பொருளாலும் அளக்கும் முறைகள் வந்தபின்னும் இக்குறை தொடர்ந்தது. மூலக்கூறின் எடையையே நிறுத்துப் பார்க்கும் டாண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வந்தபின்தான், ஒத்த உருவமுள்ள ஸ்டீராய்டுகளை ஐயமறப் பிரிக்க முடிந்தது. ஆதலால் குதிகால் துளியில் எண் உயர்ந்திருந்தால், அது மறு இரத்தம் எடுக்கச் சொல்லும் அழைப்பே ஆகும். பெற்றோரிடம் அந்த அழைப்பைச் சொல்பவர் பக்குவமாகச் சொல்லக் கற்றிருக்கவேண்டும்.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தா, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைச் சோதித்து வெளியிட்ட ஆய்வில், அட்ரீனல் பெருக்க நோய் ஏறக்குறைய 5,800 குழந்தைகளுக்கு ஒன்று என்று தெரியவந்தது. சென்னையில் மட்டும் அது ஏறக்குறைய 2,000-க்கு ஒன்று. தாய்வழியிலும் தந்தைவழியிலும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தாலே தோன்றும் இந்நோய், மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் மிகுவது இயல்பு. கேரளத்து அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்குச் செய்யப்படும் பொதுச் சோதனையில் இந்த நோயும் சேர்ந்திருக்கிறது. தேசம் முழுமைக்குமான ஏற்பாடு இன்னும் வரவில்லை. கோடை காலத்தில், பிறந்து பதினைந்து நாளான ஆண் குழந்தை பால் குடிக்காமல் வாந்தியெடுத்து வதங்கினால், வெயில் என்றும் செரியாமை என்றும் சொல்லி நாள் கடத்தும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு குத்து, ஒரு வடிதாள் அட்டை, அதைச் சோதனைச்சாலைக்கு விரைந்து கொண்டுசேர்க்க ஓர் ஆள், முடிவைத் தாய்க்குத் தெரிவிக்க ஒரு கிராமச் செவிலியர் ஆகிய இவ்வளவே வேண்டியது. இதை அரசிடமும் ஆஸ்பத்திரிகளிடமும் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நாமே.